பத்து நாள் ஓய்வு

19 ஜனவரி 1995, வியாழன்

சோதனைப் பலகை இன்னும் தயாராகவில்லை. ஆறு மரத் தடுப்புகளில் நான்காவது மட்டும் கை பட்டதும் விழாமல், கொஞ்சம் யோசித்துவிட்டு விழுகிறது. நான் அளக்கப்போவது விநாடியில் நூறில் ஒரு பங்கு. தடுப்பே யோசித்தால் நான் எதை அளப்பது? சஹீரிடம் சொன்னேன். "மூணு நாளா லேத்துல உன் பலகைதான் ஓடுது, கஸ்டமர் வேலை எல்லாம் தூங்குது" என்றார். பட்டறைக்காரரைக் கட்டிக்கொண்டதில் ஒரு லாபம், ஆராய்ச்சிக் கருவிக்கு டெல்லிக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. நஷ்டம், காலையில் சண்டை போட்ட ஆளிடமே சாயங்காலம் போய் ஸ்க்ரூ இறுக்கித் தரச் சொல்ல வேண்டும்.

முப்பத்து மூன்று வயதாகிறது. ஆராய்ச்சியில் நாலாவது வருடம். கோட்டைமேட்டில் யாராவது கேட்டால், மனுஷக் கை ஒரு வேலையை எப்படிப் பழகிக்கொள்கிறது என்று படிக்கிறேன் என்கிறேன். "கை பழகறதுக்கு ஒரு படிப்பா?" என்று சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைக்கிறேன்.

என் கேள்வி சின்னதுதான். ஒருத்தி மூன்று விதமான அசைவுகளைப் பழக வேண்டும். ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் அன்றைக்கு நன்றாக வரும். மூன்றையும் கலைத்துக் கலைத்துக் கொடுத்தால் அன்றைக்குத் தடுமாறுவாள். ஆனால் பத்து நாள் விட்டுப் பார்த்தால், தடுமாறியவளின் கைதான் ஞாபகம் வைத்திருக்கும் என்று வெளிநாட்டில் கல்லூரி மாணவர்களை வைத்துக் கண்டிருக்கிறார்கள். மில்லுக்குப் புதிதாக வேலைக்கு வரும் நம் ஊர்ப் பெண்களின் கை என்ன சொல்லும்? அவ்வளவுதான். இதற்குத்தான் நான்கு வருடம்.

27 ஜனவரி, வெள்ளி

என் வழிகாட்டி பாலகோபால் சார் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். "ஜூன்ல நம்ம டிபார்ட்மென்ட்ல ஒரு லெக்சரர் போஸ்ட் வருதும்மா. பெர்மனென்ட். மே முப்பத்தொண்ணுக்குள்ள தீசிஸ் சப்மிட் பண்ணியிருக்கணும். நீயும் சபரீஷும்தான். அவன் எழுதி முடிச்சுட்டான்."

சபரீஷ் என்னைவிட நான்கு வயது சின்னவன். கெட்டிக்காரன். பார்க்கும்போதெல்லாம் ஒழுங்காக வணக்கம் வைக்கிறான், அதனால் வெறுக்கவும் வழியில்லை.

பஸ்ஸில் வரும்போது விரல் விட்டு எண்ணினேன். பிப்ரவரியில் சோதனை. மார்ச்சில் கணக்கு. ஏப்ரல், மே எழுத்து. ஒரு நாள்கூட நழுவக் கூடாது. நோன்பு வேறு பிப்ரவரியில்தான். சோதனையைத் தள்ளிப்போட முடியாது.

6 பிப்ரவரி, திங்கள்

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, பலகைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிணத்துக்கடவு வரை. கண்டக்டர் கம்பியைப் பிடிக்காமலே டிக்கெட் கிழிக்கிறார். பஸ் குலுங்கப்போகும் பக்கத்துக்கு அவர் இடுப்பு முன்கூட்டியே போய்விடுகிறது. இதையெல்லாம் கவனிக்காமல் ஒரு நாளாவது என்னால் பஸ்ஸில் போக முடிகிறதா? "ஏனுங்க, பொட்டிக்குள்ள என்னுங்க, ஆர்மோனியமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மில்லின் பெண்கள் விடுதி ரோட்டிலிருந்து அரை மைல். வார்டன் தெய்வாத்தாளுக்கு ஐம்பது வயது இருக்கும். அதே மில்லில் இருபது வருடம் நூல் பிணைத்தவராம். நான் உட்காருவதற்குள் காப்பி வந்தது. நோன்பு என்றேன். மோர் வந்தது. அதுவும் கூடாதுங்க என்றேன்.

"தண்ணிகூடங்களா?"

"தண்ணியுந்தானுங்க. பொழுது சாயற வரைக்கும்."

டம்ளரைப் பிடித்தபடியே நின்றார். வீட்டுக்கு வந்த ஆளை வெறும் வாயோடு உட்கார வைப்பது அவருக்குத் தாங்கவில்லை. "பச்சத் தண்ணி பல்லுல படாம இந்தப் புள்ளைங்களுக்காவ வந்து கெடக்கறீங்களே அம்மணி" என்றார். அவர்களுக்காக இல்லை, எனக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவைத்தேன்.

முப்பத்திரண்டு பெண்கள். எல்லாரும் பதினெட்டு, பத்தொன்பது வயது. சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தேன். பதினாறு பேருக்கு வரிசைப் பயிற்சி, பதினாறு பேருக்குக் கலப்புப் பயிற்சி. விளக்கு எரிந்ததும் பந்தை எடுத்து, அந்த நிறத்துக்குச் சொன்ன வரிசையில் மூன்று தடுப்புகளைத் தட்டிச் சாய்த்து, கடைசிக் குழியில் பந்தை வைக்க வேண்டும். சிவப்பு, நீலம், மஞ்சள். ஆளுக்கு ஐம்பத்து நான்கு தடவை.

நான்காவது தடுப்பு யோசிக்கவில்லை. சஹீர் வாழ்க.

9 பிப்ரவரி, வியாழன்

வரிசைக்காரப் பெண்கள் பறக்கிறார்கள். கலப்புக்காரர்கள் பாவம். சிவப்புக்குக் கை பழகும் முன்னே மஞ்சள் எரிகிறது. மாசாணி என்று ஒரு பெண், ஆனைமலைப் பக்கம். ஒவ்வொரு தப்புக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். "மேடம், நான் கெடுத்துப்போட்டனுங்களா?"

தடுமாறு பெண்ணே, தடுமாறினால்தான் எனக்கு நல்லது என்று சொல்ல முடியுமா? எதிர்பார்ப்பைச் சொன்னால் சோதனை போச்சு. ஒன்றும் சொல்லாமல் காகிதத்தில் எழுதினேன். சோதனை செய்கிறவள் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது விதி. மூன்று மணிக்கு நாக்கு வறண்டு, தலை கிறுகிறுத்து உட்கார்ந்திருக்கும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

இன்றும் காப்பி வந்து திரும்பிப் போயிற்று. நாலு நாளாக இதே சடங்கு. கொண்டுவருகிறார், ஞாபகம் வருகிறது, "அட சாமி" என்று திரும்புகிறார்.

11 பிப்ரவரி, சனி

பயிற்சி முடிந்தது. கடைசி ஒன்பது தடவையின் சராசரி: வரிசைக் குழு 1.9 விநாடி, கலப்புக் குழு 2.6. எதிர்பார்த்த மாதிரியே.

எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். "பத்து நாள் கழிச்சு வருவேங்க. அதுவரைக்கும் இதைப் பத்தி நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாங்க. ஓய்வா இருங்க." முப்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் சரிங்க என்றார்கள். புறப்படும்போது தெய்வாத்தாள் ஒரு பையில் இரண்டு இளநீர் வைத்துக் கொடுத்தார், ஊட்டுக்குப் போய்ப் பொழுது சாஞ்சதும் குடிங்க என்று. பஸ்ஸில் ஏற்கெனவே பலகை. இன்னொரு பை தூக்க முடியாதுங்க, தப்பா எடுத்துக்காதீங்க என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

15 பிப்ரவரி, புதன்

காத்திருக்கிறேன். என்னால் காத்திருக்க முடிவதில்லை. மகள் சமீரா சட்டைப் பொத்தான் போடப் பழகுகிறாள், மேல் பொத்தானிலிருந்து கீழ் வரைக்கும் ஒரே மாதிரி. மாற்றி மாற்றிப் போடு என்று இடையில் புகுந்து கெடுத்தேன். "புள்ளையை உன் பலகையாக்காதே" என்று அம்மா சத்தம் போட்டாள்.

22 பிப்ரவரி, புதன்

நேற்றும் இன்றும் சோதனை. இன்னும் சராசரி போடவில்லை. போட வேண்டியதே இல்லை. பார்க்கும்போதே தெரிந்தது. கலப்புக் குழுப் பெண்கள் – என்ன கை! மாசாணி விளக்கு எரிந்து கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

25 பிப்ரவரி, சனி

வரிசைக் குழு: 2.5 விநாடி. கலப்புக் குழு: 1.7.

பாலகோபால் சார் வரைபடத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருஷ சர்வீஸ்ல என் ஸ்டூடன்ட் யாரும் இப்படி ஒரு கிராஃப் கொண்டாந்ததில்லைம்மா. இது வெளிநாட்டு ஜர்னலுக்குப் போகும்."

சந்தோஷத்தில் காலில் செருப்பு நிற்கவில்லை. ஆனால் ஒன்று. பயிற்சி முடிந்த அன்று 2.6. பத்து நாள் சும்மா இருந்துவிட்டு வந்து 1.7. மறக்காமல் இருக்கலாம். சும்மா இருந்து எப்படி முன்னேறும்? சாரிடம் கேட்டேன். தூக்கத்தில் மூளை கோத்து வைத்துக்கொள்ளும், அதையும் ஒரு பத்தி எழுதிவிடு என்றார். சரி. எழுதலாம். ஏன் எழுதக் கூடாது?

12 மார்ச், ஞாயிறு

போகாமலே இருந்திருக்கலாம்.

பெருநாள் முடிந்துவிட்டது, ஒரு மாதமாக அவர்கள் வீட்டில் ஒரு வாய் தொடவில்லை, நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு டப்பா ஜிலேபியோடு கிணத்துக்கடவு போனேன். தெய்வாத்தாளுக்கு என்ன சந்தோஷம்! தோசை, இட்லி, கெட்டிச் சட்னி, எள்ளு உருண்டை. ஒரு மாதப் பாக்கியைச் சேர்த்துத் தட்டில் போட்டார். பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"பரிட்சை ரிசல்ட் எப்படிங்க வந்துச்சு?" என்றாள் மாசாணி.

ரொம்ப நன்றாக வந்தது என்றேன். ஒருத்தி கை தட்டினாள். தெய்வாத்தாள் பெருமையாக, "வராம எப்படிங்க இருக்கும்? பத்து நாளும் பொழுதோட சோத்துக்கு முன்னால பழகிப்போட்டுத்தான் விட்டேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மாசாணி கையைப் பிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள். ஆறு கொட்டாங்குச்சிகளைச் செங்கல் துண்டுகளின் மேல் நிறுத்தியிருந்தார்கள். இடைவெளி என் பலகை மாதிரியே, சாண் வைத்து அளந்து. கழிவுப் பஞ்சை உருட்டி நூல் சுற்றிப் பந்து. ஒருத்தி சுவரோரம் நின்று "செவப்பு!" என்று கத்தினாள். மாசாணியின் கை போயிற்று. டக் டக் டக். "மஞ்ச!" டக் டக் டக். "வார்டன் ஊர்ல இல்லாத ரெண்டு நாளுங்கூட நாங்களே ஏறிப் பழகுனமுங்க" என்றாள்.

"எல்லாருமா?" என்றேன்.

"இல்லீங்க. நல்லாப் பண்ணுன புள்ளைங்களுக்கு எதுக்குங்க? இந்தப் பதனாறு பேருந்தான் தப்புத் தப்பாப் பண்ணி உங்க மொகம் வாடிப் போச்சு. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்" என்றார் பின்னால் வந்த தெய்வாத்தாள்.

நான் வேண்டாம் என்று சொன்னேனே, ஓய்வாக இருக்கச் சொன்னேனே என்றேன்.

சிரித்தார். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. காப்பியும் வேண்டான்னீங்க, எளநியும் வேண்டான்னீங்க. ஒரு மாசமா எங்க ஊட்டுத் தண்ணி ஒரு சொட்டு தொடுல. எங்களால ஆனது வேற என்னுங்க இருக்குது?"

பதினாறு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முகமெல்லாம் பல். நான் என்ன சொன்னேன்? ரொம்ப நன்றிங்க என்று சொன்னேன். சொல்லிட்டு வந்துட்டேன். அய்யோ, என்ன செய்யறது இப்ப.

13 மார்ச், திங்கள்

யாரிடமும் சொல்லவில்லை.

16 மார்ச், வியாழன்

யோசித்துப் பார்த்தால் யார் தப்பு? "பழகினால் என் ஆய்வு பாழாகிவிடும், பழகவே கூடாது" என்று நேராகச் சொல்ல என் வாய்க்கு என்ன வந்தது? சிரமப்பட வேண்டாங்க, ஓய்வா இருங்க! இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே நான். போதும் போதும் என்று இலையைக் கையால் மறைக்கிற விருந்தாளிக்குத்தான் இன்னொரு கரண்டி விழும் என்று தெரியாதா? பந்தியில் பேசுவது மாதிரி ஆராய்ச்சிக் கட்டளையைச் சொல்லிவிட்டு வந்தால் பந்தியில் நடப்பதுதான் நடக்கும்.

29 மார்ச், புதன்

மூன்றாம் அத்தியாயம் டைப் ஆகிவிட்டது. நான்காவது நடக்கிறது. வரைபடத்தைக் கறுப்பு இந்தியன் இங்க்கில் போட்டேன். அழகாக இருக்கிறது. யாருக்கும் தெரியாது. எனக்கும் அந்தப் பதினாறு பெண்களுக்கும் வார்டனுக்கும்தான் தெரியும், அவர்களுக்கோ தெரிந்தது என்னவென்றே தெரியாது. வெளிநாட்டுக்காரர்கள் கண்டதும் இதேதானே? வித்தியாசம் இருக்கத்தான் போகிறது. நான் கொஞ்சம் பெரிதாகக் காட்டுகிறேன், அவ்வளவுதானே?

இப்படி எழுதுவதற்கு எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது?

சாப்பாடு இறங்கவில்லை. சஹீர் இரண்டு தடவை கேட்டார். வெயில் என்றேன்.

7 ஏப்ரல், வெள்ளி

நன்றியுரையில் மாட்டிக்கொண்டேன். சார், நூலகர், மில் மேலாளர், சஹீர், அம்மா எல்லாரும் ஒரு பக்கத்துக்குள் வந்துவிட்டார்கள். அடுத்தது விடுதிப் பெண்கள். ‘இந்த ஆய்வுக்கு உதவிய’ என்று எழுதினேன். அடித்தேன். ‘ஒத்துழைத்த’ என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அவர்கள் செய்த உதவியை உள்ளபடி எழுதினால் நான்காம் அத்தியாயம் செத்துப்போகும். எழுதாமல் விட்டால், ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு மாடியில் நின்று பழகினார்களே, அதை ஒளித்து வைத்துக்கொண்டு அவர்களுக்கே நன்றி சொல்கிற ஆள் ஆகிவிடுவேன். மூன்று வாரமாக நூறு பக்கம் டைப் அடித்திருக்கிறேன், கை கூசவில்லை. இந்த ஒரு வரிக்குக் கூசுகிறது.

காலையிலிருந்து ஒரு வரி. இன்னும் வரவில்லை.

8 ஏப்ரல், சனி

பட்டறைக்குப் போய் சஹீரிடம் சொன்னேன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார். முதல் கேள்வி: "மெஷின்ல தப்பில்லையே?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு மச்சான்."

"அப்பச் சரி" என்றார். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கேட்டார், "மறுபடி செய்ய எவ்வளவு நாள் ஆகும்?" ஒரு வருஷம், வேலை போயிரும் என்றேன். துடைத்த துணியை மடித்து லேத்தின் மேல் வைத்தார். போகட்டும் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். போகக் கூடாது என்றிருந்தாலும் வந்திருக்கும்.

10 ஏப்ரல், திங்கள்

பாலகோபால் சாரிடம் சொல்லிவிட்டேன்.

முதலில் சிரித்தார், கொட்டாங்குச்சியா என்று. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். "நீ ஸ்வீட் குடுக்கப் போகாம இருந்திருந்தா?"

"போயிட்டேன் சார்."

"ஒரு ஃபுட்நோட் போடு. ‘சிலர் இடைப்பட்ட நாளில் பழகியிருக்கலாம்’னு. பொய் இல்லையே அது."

சிலர் இல்லை, பதினாறு பேர். இருக்கலாம் இல்லை, பத்து நாளும். ஒரு குழு மட்டும். நான் வரைந்த கோடு முழுக்க அந்த மாடியில் போட்ட கோடு. இதைச் சொன்னேன். நிதானமாகத்தான் ஆரம்பித்தேன், பாதியில் குரல் ஏறிவிட்டது. "எனக்கு மட்டும் அந்த வேலை வேண்டாமா சார்? நாலு வருஷமா எங்க வீட்ல எல்லாரும் என் பலகையையே சுமந்துட்டு இருக்காங்க சார்!" வராந்தாவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

சார் உட்கார்ந்தார். வயசானவர் மாதிரி உட்கார்ந்தார். அந்த வரைபடத் தாளை மேஜை டிராயரிலிருந்து எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "எனக்கும் இது வேணும்னுதாம்மா இருந்துச்சு" என்றார்.

31 மே, புதன்

கடைசி நாள். நான் சமர்ப்பிக்கவில்லை.

28 ஜூன், புதன்

சபரீஷ் வேலையில் சேர்ந்துவிட்டான். ஆர்டரை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தான். "அக்கா, இது உங்களுக்கு வர வேண்டியதுங்க." நல்ல பையன். கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அவன் நீட்டின லட்டை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். பொறாமை. வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது, பொறாமைதான்.

22 ஆகஸ்ட், செவ்வாய்

காங்கேயம். வேறு மில், வேறு விடுதி, வேறு முப்பத்திரண்டு பெண்கள். இந்தத் தடவை என் ஏற்பாடுகள் இரண்டு.

ஒன்று, கொடுத்ததை எல்லாம் வாங்கிக் குடிப்பது. காப்பி, மோர், பானகம், மறுபடி காப்பி. போகும்போது பைக்குள் தேங்காய் வைத்தால் வாங்கிக்கொள்வது. யாருக்கும் என்னிடம் ஒரு பாக்கியும் இருக்கக் கூடாது. இன்றைக்கு மட்டும் ஏழு காப்பி. வயிறு எரிகிறது. ஆய்வேட்டில் செய்முறை அத்தியாயத்தில் இதை எப்படி எழுதுவது?

இரண்டு, நேராகச் சொல்வது. "பத்து நாளும் யாரும் பழகக் கூடாது. பழகினால் என் நாலு வருஷப் படிப்பு வீணாகும். எனக்கு நல்லது செய்ய நினைத்தால் சும்மா இருங்கள்." ஒரு ‘ங்க’கூடச் சேர்க்காமல் புத்தகத் தமிழில் சொன்னேன். ஒரு பெண் பயந்துபோய் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தேற்ற அரை மணி நேரம்.

11 செப்டம்பர், திங்கள்

வரிசைக் குழு: 2.5. கலப்புக் குழு: 2.3.

ஒவ்வொருத்தியையும் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். யாரும் பழகவில்லை.

விநாடியில் பத்தில் இரண்டு பங்கு. புள்ளியியல் கணக்கில் வித்தியாசம் நிற்கிறது, சும்மா பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. வெளிநாட்டு ஜர்னல் ஏறெடுத்தும் பார்க்காது. அந்தப் பழைய வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தது.

ஒன்று மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிணத்துக்கடவில் நன்றாகச் செய்தவர்கள் ஒருத்திகூடத் தானாகப் பழகவில்லை. தடுமாறினவர்கள்தான் மாடிக்கு ஏறினார்கள். தெய்வாத்தாள் ஏற்றினார் என்பது சரி, ஆனால் அவர் எங்கோ போயிருந்த இரண்டு நாளும் தாங்களே ஏறினோம் என்று மாசாணி சொன்னாளே. தடுமாற்றம் கைக்குச் சொல்லிக்கொடுக்கிறதா, இல்லை ஆளைப் போய்ப் பழக வைக்கிறதா? இதை யாராவது கேட்டிருக்கிறார்களா? நான் தேடின வரையில் பார்க்கவில்லை.

14 மார்ச் 1996, வியாழன்

சமர்ப்பித்துவிட்டேன். நூற்று எண்பத்தாறு பக்கம். நான்காம் அத்தியாயம் கிணத்துக்கடவு: நோன்பு, காப்பி, கொட்டாங்குச்சி, என் வாய் செய்த தப்பு எல்லாம் இருக்கிறது. ஐந்தாவது காங்கேயம். நன்றியுரையில் தெய்வாத்தாள் பெயரும் பதினாறு பெண்களின் பெயரும். இதற்கு முன்பே பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் தரும் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்தாயிற்று. உடற்கல்வி மாணவர்களுக்குப் பாடம். தினம் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பஸ் கூட்டத்தில் புத்தகம்கூடப் பிரிக்க முடிவதில்லை.

19 நவம்பர், செவ்வாய்

வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் தெய்வாத்தாளுக்கு ஒரு கார்டு போட்டிருந்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் சஹீர், அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டையில்.

எல்லாம் இங்கிலீஷில். மைசூரிலிருந்து வந்த தேர்வாளர் ஐந்தாம் அத்தியாயத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, நான்காவதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துகொண்டார். தோற்றுப்போன சோதனையை ஏன் ஆய்வேட்டில் வைத்தீர்கள்? தடுமாறினவர்கள் மட்டும் பழகப் போனது உங்கள் கேள்வியைவிடப் பெரிய கேள்வி இல்லையா? ஆமாம் என்றேன். அப்புறம் ஏன் இன்னும் அதைச் செய்யவில்லை? நான் வாயைத் திறப்பதற்குள் பாலகோபால் சார் இருமினார்.

முனைவர் பட்டம் பரிந்துரைக்கப்படுகிறது என்று வாசித்தார்கள். கை தட்டினார்கள். சஹீர் எழுந்தே நின்றுவிட்டார். எனக்குக் கால் தரையில் இருப்பதே தெரியவில்லை. நாலு இல்லை, ஆறு வருடம்.

டீயின்போதுதான் கெட்டது. சார் தெய்வாத்தாளிடம் போய்ப் பெருமையாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க புள்ளைங்க பழகினது தெரிஞ்சதும் இந்தப் பொண்ணு உள்ளதை உள்ளபடி எழுதறேன்னு நின்னுது பாருங்க, அதனால ஒரு பெர்மனென்ட் வேலையே போச்சு." நான் பக்கத்தில் போவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். தெய்வாத்தாள் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். சொல்லாமலே போய்விட்டார்.

1 டிசம்பர், ஞாயிறு

பைண்ட் செய்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு கிணத்துக்கடவு போனேன். தெய்வாத்தாள் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். நான் வருவது தெரிந்துதான் போனாரோ என்னவோ. பழைய பதினாறில் ஐந்து பேர்தான் விடுதியில் இருக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, சிலர் வேறு மில்.

மாசாணி இருந்தாள். இப்போது பயிற்சிக்காரி இல்லை, மிஷின் பார்க்கிறாள். நடை, பேச்சு எல்லாம் மாறியிருக்கிறது. நன்றியுரைப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் விரலை ஓட்டி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, தன் பெயரைக் கண்டுபிடித்தாள். விரலை அங்கேயே வைத்துக்கொண்டாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்களாலதான் உங்க வேலை போச்சுங்களா மேடம்?" என்றாள்.

"யார் சொன்னது?"

"வார்டன் வந்து ஒரு வாரமா அழுதாங்க. நல்லது பண்றம்னு நெனச்சு அந்தப் புள்ள பொழப்பைக் கெடுத்துப்போட்டமேன்னு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். ஒரு விநாடிகூட ஆகவில்லை, வாய் தானாகவே சொல்லிவிட்டது. "இல்ல கண்ணு. அந்த வேலை எனக்கு முன்னாலேயே வேண்டாம்னு ஆயிருச்சு. நாந்தான் போகலை. சாருக்கு அது தெரியாது. வார்டன்கிட்டயும் சொல்லிரு."

"நெசமாங்க?"

"நெசமா."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். நானும் முகத்தைத் திருப்பாமல் இருந்தேன். அப்புறம் பக்கத்தைப் புரட்டி, மற்றப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தாள். யார் எந்த ஊரில் இருக்கிறாள், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒரு வரியை ஒளிக்க முடியாமல் வேலையை விட்டவள் நான். இன்றைக்கு மாசாணியிடம் பொய் சொன்னேன். தெய்வாத்தாள் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.